லுக்லா: திரும்ப முடியாத 527 மீட்டர்

1964ல் எட்மண்ட் ஹிலாரி நேபாளத்தின் லுக்லாவில் ஒரு ஓடுபாதை அமைத்தார். எவரெஸ்ட் வட்டாரத்துக் குந்தே கிராமத்தில் மருத்துவமனை கட்டச் சாமான் கொண்டுபோகணும், அதுதான் நோக்கம். மண்ணை இறுக்க ஷெர்ப்பாக்களை அதன்மேல் நடனமாட வைத்தாராம்.

இன்று பாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஆனால் கிட்டத்தட்ட 12 சதவீத ஏற்றம். இறங்குகிற விமானத்தின் வேகத்தை மேடே குறைத்துவிடும். கிளம்பும்போது அதே சரிவு வேகம் கூட்டும். எளிமையான தீர்வு. ஆனா மேல்முனையில் மலை நிற்கிறது. கடைசி நொடியில் 'இன்னொரு சுற்று போய் வரலாம்' என்று எழும்ப முடியாது. வழிகாட்டும் கருவிகளும் கிடையாது. பாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்கணும்.

2008 அக்டோபர் 8 அன்று ஒரு ட்வின் ஆட்டர் இறங்க வந்தபோது பாதையை மூடுபனி மறைத்தது. விமானம் பாதைக்குச் சற்று முன்பே தாழ்ந்து, மோதி எரிந்தது. 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். தலைமை விமானி மட்டும் பிழைத்தார்.

மருத்துவமனைச் சாமானுக்காகப் போட்ட பாதை எவரெஸ்ட் பயணிகளின் வாசலாகிவிட்டது. 2001ல் தாரும் போட்டாச்சு. மலை மட்டும் அங்கேயேதான் இருக்கு. அதனால் லுக்லாவில் திரும்பிப் போகும் முடிவை, திரும்ப இடமிருக்கும்போதே எடுத்தாகணும்.