பார்வையும் விறைப்பும்: கேசி-46 டேங்கர் திட்டத்தின் தாமத வரலாறு

2019 ஜனவரி 10ஆம் தேதி அமெரிக்க விமானப்படை தன் முதல் கேசி-46ஏ பெகாசஸ் விமானத்தை போயிங் நிறுவனத்திடமிருந்து ஏற்றுக்கொண்டது. 2011இல் போட்ட ஒப்பந்தப்படி, 2017 ஆகஸ்டுக்குள் இத்தகைய 18 விமானங்கள் படையின் கையில் இருந்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட நாளிலேயே அந்த விமானத்தின் பெரிய குறைகள் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தன. அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் 2.8 கோடி டாலர் வரை பணத்தை நிறுத்திவைக்கும் உரிமையை விமானப்படை தன்னிடம் வைத்துக்கொண்டது.

இத்திட்டத்தின் தாமதத்துக்கு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாடு சீர்குலைந்ததே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் கால வரிசையை வைத்துப் பார்த்தால் அது பாதிக் கதைதான். பணிமனை அலட்சியத்தால் வந்த குறைகள் சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டில் தீர்ந்தன. தேவைப் பட்டியலை எழுதிய மேசையிலேயே பிறந்த இரண்டு குறைகள்தான் பத்தாண்டை நெருங்கியும் தீராமல் நிற்கின்றன. ஒன்று பார்வை தொடர்பானது, மற்றது விறைப்பு தொடர்பானது. அவை எப்படி நுழைந்தன, ஏன் இவ்வளவு காலம் பிடிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் தேடல்.

வானில் எரிபொருள் நிரப்புவதில் அமெரிக்க விமானப்படை நம்பியிருப்பது 'பூம்' எனப்படும் விறைப்பான நீள்குழாயை. டேங்கரின் வாலடியிலிருந்து தொங்கும் அந்தக் குழாயைச் சிறு சிறகுகளால் திருப்பி, பின்னால் பறக்கும் விமானத்தின் வாய்க்குள் பொருத்துவது பூம் ஆபரேட்டரின் வேலை. 1957 முதல் சேவையில் இருக்கும் கேசி-135இல் அவர் விமானத்தின் வால்பகுதியில் குப்புறப் படுத்து, முகவாயைத் தாங்கியில் ஊன்றி, கண்ணாடிச் சன்னல் வழியாக நேரே கீழே பார்த்து இதைச் செய்கிறார். எரிபொருள் வாங்கும் விமானத்தின் விமானி முகத்தைக்கூடப் பார்க்கக்கூடிய நெருக்கம் அது. கழுத்தும் முதுகும் வலிக்கும். ஆனால் தூரத்தை மதிப்பிட மனிதக் கண்ணே போதும்.

பழைய டேங்கர்களை மாற்றும் முயற்சி 2001இல் தொடங்கியபோது தொழில்நுட்பம் யாருக்கும் முதற்கவலையாக இல்லை. போயிங் 767 அடிப்படையிலான 100 டேங்கர்களைக் குத்தகைக்கு எடுக்கும் திட்டம் செனட்டர் ஜான் மெக்கெயினின் விசாரணையில் சிக்கியது. விமானப்படையின் கொள்முதல் அதிகாரி டார்லின் ட்ருயன், போயிங்குடன் பேரம் நடத்திக்கொண்டே அங்கு வேலைக்குப் பேசியது வெளிப்பட்டு 2004இல் சிறைத்தண்டனை பெற்றார். போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸும் சிறை சென்றார். தலைமைச் செயல் அதிகாரி ஃபில் காண்டிட் 2003 டிசம்பரிலேயே பதவி விலகியிருந்தார். பிறகு 2008 பிப்ரவரியில் ஏர்பஸ் ஏ330 அடிப்படையிலான விமானத்துடன் வந்த நார்த்ராப் கிரம்மன்–ஈஏடிஎஸ் கூட்டணி வென்றது. போயிங் முறையிட்டது, மதிப்பீட்டில் பிழைகள் இருந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு அதே ஆண்டு ஜூனில் தீர்ப்பளிக்க, அந்த ஒப்பந்தமும் ரத்தானது.

இந்த இரண்டு தோல்விகளும் மூன்றாம் போட்டியின் வடிவத்தை முடிவு செய்தன என்பது என் கருத்து. இனி யாரும் நீதிமன்ற வாசலுக்கோ தணிக்கை அலுவலகத்துக்கோ போகக் கூடாது என்ற அச்சத்தில், தேவைகள் ஆம்–இல்லை என்று டிக் அடிக்கக்கூடிய நீண்ட பட்டியலாக எழுதப்பட்டன. பட்டியலை நிறைவு செய்பவர்களில் விலை குறைவாகக் கேட்டவருக்கு வெற்றி. 2011 பிப்ரவரி 24இல் போயிங் வென்றது: மொத்தம் 179 விமானங்கள்; வடிவமைப்புப் பணிக்கு அரசு தரும் உச்சவரம்பு 490 கோடி டாலர்; அதற்கு மேல் ஆகும் செலவு நிறுவனத்தின் தலையில். முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபரேட்டரின் கண்ணுக்கு எது போதும் என்பதை டிக் அடித்துத் தீர்மானிக்க முடியாது.

எச்சரிக்கையும் முன்பே இருந்தது. இதே 767ஐ டேங்கராக்கி இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போயிங் ஏற்கெனவே விற்றிருந்தது. இத்தாலியின் முதல் விமானம் 2005இல் வர வேண்டியது, 2011இல்தான் போய்ச் சேர்ந்தது. சிறகடியில் பொருத்திய எரிபொருள் சாதனங்களால் எழுந்த அதிர்வு அதற்கு முக்கியக் காரணம். பயணிகள் விமானத்தில் டேங்கர் சாதனங்களைச் சேர்ப்பது சுலபம் என்ற நம்பிக்கை அப்போதே ஆட்டம் கண்டிருக்க வேண்டும்.

பணிமனைக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒன்று பழுதானால் மற்றொன்று காக்க வேண்டிய மின்கம்பிகள் போதிய இடைவெளியின்றி ஒரே கட்டில் ஓடுவது 2014இல் தெரியவந்தது. பிரித்து மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. 2015இல் சப்ளையர் தவறான லேபிளுடன் அனுப்பிய வேதிப்பொருள் எரிபொருள் அமைப்பின் சோதனைக்குள் போய்ப் பாகங்களைக் கெடுத்தது. சில வாரங்கள் வீணாயின. ஒப்படைப்பு தொடங்கிய 2019இல், முடித்து மூடிய அறைகளுக்குள் கருவிகளும் குப்பையும் கிடந்ததைக் கண்டு விமானப்படை இரண்டு முறை ஒப்படைப்பை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில், சரக்குகளைத் தரையோடு பிணைக்கும் பூட்டுகள் பறக்கும்போதே திறந்துகொண்டன. டிசம்பருக்குள் அது சரியானது. இவை ஒவ்வொன்றும் வெட்கக்கேடுதான். ஆயினும் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்த நோய்கள் இவை.

பார்வைக் கோளாறு அப்படியல்ல. கேசி-46இல் பூம் ஆபரேட்டர் விமானத்தின் முன்பகுதியில் நாற்காலியில் அமர்ந்து, முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, வால்பகுதி கேமராக்கள் தரும் கறுப்பு–வெள்ளைப் படத்தைத் திரையில் பார்த்துப் பூமைச் செலுத்துகிறார். இந்த யோசனை புதிதல்ல. நெதர்லாந்தின் கேடிசி-10 டேங்கர்கள் 1990களிலேயே கேமராவை நம்பிப் பறந்தன. கேசி-46இன் படத்தில் மட்டும் சிக்கல் எங்கிருந்து வந்தது? சூரியன் சில கோணங்களில் இருக்கும்போது படம் கூசி வெளுத்தது, அல்லது நிழல் விழுந்து பின்னால் வரும் விமானத்தின் எரிபொருள் வாயே மறைந்தது. அதைவிட மோசமாக, இரு கேமராக்களின் படங்களைச் சேர்த்து உருவாக்கிய ஆழம் உண்மையான ஆழத்துடன் ஒத்துப்போகவில்லை. இழுத்துவிட்ட ரப்பர் விரிப்பில் தீட்டிய படம் போல, பூம் நகர நகரத் தூரத்தின் அளவு மாறிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் வாய்க்குள் செலுத்துவதாக நினைத்த முனை சில சமயம் அதற்கு வெளியே மேற்பரப்பில் உரசியது. உரசியதே அவருக்குத் தெரியாமலும் போனது. ரேடாரிலிருந்து மறைக்கும் மேற்பூச்சுள்ள எஃப்-22 போன்ற விமானத்துக்கு அந்தக் கீறலே பெருஞ்சேதம். நீண்ட நேரம் பார்த்தவர்களுக்குக் கண் வலியும் தலைவலியும் வந்தன.

ஒப்பந்தம் முப்பரிமாணப் படம் வேண்டும் என்று கேட்டது. படம் எவ்வளவு தெளிவாக, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு துல்லியமான ஆழத்துடன் இருக்க வேண்டும் என்பதை அளவிடத்தக்க எண்களாகக் கேட்கவில்லை. எனவே மென்பொருளைச் சற்றுத் திருத்தினால் போதும் என்று நிறுவனம் சில காலம் வாதிட முடிந்தது. 2020 ஏப்ரலில்தான் வன்பொருளையே மாற்றும் உடன்பாடு ஏற்பட்டது: வண்ண 4கே கேமராக்கள், பெரிய திரைகள், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி, எல்லாம் போயிங்கின் செலவில். கோவிட் முடக்கக் காலமான அதே மாதத்தில், நிறுத்திவைத்திருந்த 88.2 கோடி டாலரை விமானப்படை விடுவித்தது. கையிலிருந்த பிடியை அவசரப்பட்டு விட்டுவிட்டார்கள் என்றே கருதுகிறேன்.

புதிய அமைப்பு 2023–24இல் வருவதாக இருந்தது. வடிவமைப்பின் முதற்கட்ட மீளாய்வை முடித்துவைக்க விமானப்படை ஆயத்தமானபோது சில தொழில்நுட்பங்கள் இன்னும் முதிரவில்லை. அந்த வடிவமைப்பு பிற்பாடு தவறினால் திருத்தும் செலவு அரசின் தலையில் விழும் என்று தணிக்கை அமைப்பு 2022 ஜனவரி அறிக்கையில் கண்டித்தது. கெடு பிறகு 2025 அக்டோபருக்கும், 2026க்கும், இப்போது 2027க்கும் நகர்ந்திருக்கிறது. மேசையில் செய்த பழைய தவறு, அதைத் திருத்தும் திட்டத்திலும் அப்படியே திரும்ப வந்தது.

விறைப்புக் கோளாறு இதற்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது, ஏனெனில் இதில் யாரும் விதியை மீறவில்லை. பூமை நீட்டி மடக்கும் கருவி அசையப் பின்னால் வரும் விமானம் எவ்வளவு விசையுடன் தள்ள வேண்டும் என்பதற்கு விமானப்படை ஒப்புக்கொண்ட அளவு 1400 பவுண்டு. அது சர்வதேசத் தர அளவும்கூட. போயிங் அந்த அளவைச் சரியாக எட்டியது. ஏ-10 தாக்குதல் விமானமோ மெதுவானது, உந்துவிசை குறைந்தது. அந்த விமானத்தால் அந்தத் தள்ளலைத் தர இயலவில்லை. நெருங்கி வரும் விமானி எஞ்சினின் வேகத்தைக் கூட்டுகிறார், பூம் இளகவில்லை, இன்னும் கூட்டுகிறார், பூம் விடுபடும் கணத்தில் கூடுதல் விசையுடன் விமானம் டேங்கரை நோக்கிப் பாய்கிறது. ஆகவே ஏ-10க்கு இந்த டேங்கர் தடை செய்யப்பட்டது. அளவைத் தந்தது விமானப்படையே என்பதால், நீட்டிமடக்கும் கருவியை மாற்றி வடிவமைக்க 2019இல் 5.55 கோடி டாலர் கொடுத்ததும் அரசே. 2022இல் எஃப்-15, எஃப்-22 விமானங்களுக்கு எரிபொருள் தரும்போது பூம் முனை சிக்கிக்கொண்டு சேதங்கள் நேர்ந்தன. விறைப்பு ஏ-10இன் தனிச் சிக்கல் அல்ல என்பதை அவை காட்டின.

இதற்கிடையே விமானம் ஓய்ந்து நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் உலகெங்கும் போர்ப்பணிக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு கேசி-46 தொடர்ந்து 36 மணி நேரம் பறந்தது. குறையுள்ள கண்ணைக் கொண்டு பாதுகாப்பாகப் பணி செய்ய ஆபரேட்டர்கள் தாமே வழிமுறைகளை உருவாக்கிக்கொண்டார்கள். திட்ட அறிக்கைகளில் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுவே.

உச்சவரம்பு ஒப்பந்தம் பணத்தைக் காத்தது உண்மை. போயிங் இத்திட்டத்தில் இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் இழந்திருக்கிறது. ஆனால் காலத்தை எந்த ஒப்பந்தமும் திருப்பி வாங்கித் தராது. அந்த இழப்பு கேசி-135இன் பழைய உடல்மீதும், அதைப் பறக்கவைக்கும் பராமரிப்புப் பணியாளர்மீதும் ஏறியது. 2025 மார்ச்சில் சில புதிய விமானங்களின் சிறகின் பின்விளிம்புத் தாங்கிகளில் விரிசல் கண்டு ஒப்படைப்பு நின்றது. மே மாதம் மீண்டும் தொடங்கியது. பணிமனைக் குறை வழக்கம்போல வாரக்கணக்கில் தீர்ந்தது.

அதே 2025 ஜூலையில், புதிய போட்டி நடத்தாமல் மேலும் 75 கேசி-46 வரை வாங்க விமானப்படை முடிவெடுத்தது. கேசி-135க்கு மாற்று தேட வேறு வழியில்லை என்ற வாதம் புரிகிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் தேவைப் பட்டியல் இன்னும் எழுதப்பட வேண்டியதே. படத்தின் தெளிவுக்கும் ஆழத்துக்கும் எண்களும், பூமின் விறைப்புக்கு ஏ-10 போன்ற மெதுவான விமானத்தோடு வானில் செய்த சோதனையும், கையெழுத்துக்கு முன் ஆபரேட்டர்களின் ஒப்புதலும் அதில் இடம்பெற வேண்டும். புதிய கேமரா அமைப்பு வந்த பிறகும், ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்கள் ஒவ்வொன்றாகப் பணிமனைக்குத் திரும்பி அதைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பணி 2027க்கு அப்பாலும் நீளும்.