தோலில் எழுதிய தமிழ்

பொருநையின் வடகரையில் உள்ள ஏரலில் ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலை நாடிப் பெருங்கூட்டம் திரளும். தென்னாட்டில் பச்சை குத்துவோர்க்கு இத்தகைய திருவிழாக் கூட்டங்களே நெடுங்காலம் பிழைப்புக் களமாக இருந்துள்ளன. கணவன் பெயரையோ, மாண்ட பிள்ளையின் பெயரையோ, குலதெய்வத்தின் பெயரையோ முன்கையில் ஏந்திய மூதாட்டியரை இவ்வாற்றங்கரை ஊர்களில் கண்டவர் பலர். அப்பெயர்களின் எழுத்து வடிவம் தமிழ் எழுத்து வரலாற்றில் ஒரு வரியும் பெறவில்லை.

பச்சைக்குரிய மை செய்யும் முறையை எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைக்கிறார். மஞ்சளும் அகத்தியிலையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப்பானையில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். குத்துவோர் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிர். கரிய மையே தோலின் கீழ்ப் பசுமை காட்டுவதால் தொழிலுக்குப் பச்சை என்ற பெயர் வாய்த்தது போலும்.

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தின் உருவும் மாறியதற்கு இப்பள்ளத்தாக்கே சான்று. ஏரலுக்கு அண்மையில் உள்ள கொற்கையில் 1968-69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில், கூரிய முனையால் கீறிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் நேர்கோடுகளாக நிற்கின்றன. பின்னர்ப் பாண்டி நாடு வட்டெழுத்தைப் போற்றியது. ஓலைமேல் ஓடிய எழுத்தாணிக்கு வளைவே உவப்பு. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, கையெழுத்தின் சாயலை ஈயத்திற்கு ஏற்றியது. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் உருவான இருவகை எழுத்துகளுக்கும் அந்நூல் இடமளித்தது. ஓடும் ஓலையும் ஈயமும் கற்பித்த வடிவங்கள் இவ்வாறு வரலாறாயின. ஊசி கற்பித்தது மட்டும் விடுபட்டது.

ஊசியின் எழுத்திலே ஒரு விந்தை உண்டு. ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியைத் தவிர்த்தனர் என்பர். அவ்வழக்கம் தொடக்ககால அச்சிலும் தொடர்ந்தது. தோலில் எழுதுபவளுக்கோ புள்ளியைத் தவிர வேறு கருவியே இல்லை. கோடு என்பது நெருங்கிய புள்ளிகளின் வரிசை. சுழி என்பது புள்ளிகளாலாகிய வட்டம். மெய்க்குரிய புள்ளியை மற்றப் புள்ளிகளினின்று பிரித்துக் காட்ட அதனைச் சற்று விலக்கியோ பருமனாக்கியோ குத்தியாக வேண்டும். குருதி கசியும் இடத்தில் சுழிகளைப் பெருக்கவும் இயலாது. ஆதலின் ‘ண’கரம், ‘ஐ’காரம் போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் தோலில் எளிமையுறுவது இயல்பு. இது கல்லாமையால் வந்த பிழையன்று, கருவியும் வலியும் சேர்ந்து செய்த சீர்திருத்தம்.

இவ்வழகை அச்செழுத்தாக்க முடியுமா என்பாருக்குச் சத்தீசுகரில் விடை கிடைக்கிறது. சர்குஜா மாவட்டத்தின் ஜம்கலா ஊரில் ‘கோத்னா’ எனும் பச்சைக்கலை வல்ல பெண்களோடு இணைந்து, வடிவமைப்பாளர் இஷான் கோஸ்லாவின் டைப்கிராஃப்ட் இனிஷியேட்டிவ் ஓர் எழுத்துருவை உருவாக்கியது. ஆயினும் அஃது உரோமன் எழுத்து. பச்சைக்கோலங்களின் கூறுகள் அயல் எழுத்தின் உடலில் அணிகலனாயின. தமிழுக்கு வேண்டுவது அதுவன்று. கைகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் தமிழையே படித்து, அதன் விலகல்களையும் சுருக்கங்களையும் எழுத்துருவாக்குதல் வேண்டும்.

அங்கும் ஒரு சிக்கல் எழும். குத்திய நாளில் தனித்தனியே நின்ற புள்ளிகள், ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலுக்குள் விரிந்து ஒன்றோடொன்று கலந்து, மங்கிய தடித்த கோடாகிவிடுகின்றன. ஊசி எழுதியதை வார்ப்பதா, ஐம்பதாண்டு உடல் திருத்தியதை வார்ப்பதா? இரண்டையும் பார்த்த பின்பே வடிவமைப்பாளர் முடிவு செய்ய இயலும்; பார்ப்பதற்குக் கைகள் இருக்கவேண்டும். திருவிழாக் கடைகளில் இன்று மின்கலப் பொறி ஓடுகிறது. அது புள்ளி தெரியாத கோட்டையே இழுக்கிறது. கல்லெழுத்துக்கு மைப்படி எடுத்து 1887 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டனர். மூதாட்டியின் முன்கையில் உள்ள பெயருக்குப் படி எடுப்பார் இல்லை. அவளோடு அதுவும் ஆற்றங்கரைச் சுடுகாட்டிற்குப் போகிறது.