தமிழ்க் கோப்புப் பாதைகளும் நிரல்கூறு ஏற்றமும்

வழங்கியில் இயங்கும் ஒரு நிரல், தனக்குத் தேவையான மற்றொரு கோப்பை அதன் பெயரையும் பாதையையும் கொண்டு தேடி எடுத்துக்கொள்வது நிரல்கூறு ஏற்றம் எனப்படும். கோப்பு கோப்புறையில் இருந்தும் அது கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வருவது இத்துறையில் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. கோப்புப் பெயர் தமிழில் இருக்கும்போது இச்சிக்கலுக்குத் தனிக் காரணங்கள் சேர்கின்றன. அக்காரணங்கள் தமிழ்க் குறியேற்றத்தின் வரலாற்றில் உள்ளன. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் ஜீயபுரம், முக்கொம்பு, ஸ்ரீரங்கம் ஆகிய மூன்று பெயர்களைக் கொண்டே அவற்றை விளக்கலாம்.

குறியேற்றத்தின் பின்னணி

தட்டச்சுப் பொறியில் ‘கொ’ என்ற எழுத்து மூன்று விசைகளால் ஆனது: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். 1990களில் இணையத்தில் பரவிய திஸ்கி உள்ளிட்ட எட்டுபிட்டுக் குறியேற்றங்களும் கண்ணுக்குத் தெரியும் இதே வரிசையைப் பின்பற்றின. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி தாம், தாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. ஒரே கணினியில் பல குறியேற்றங்கள் புழங்கியதால் அக்காலத்தில் கோப்புப் பெயரைத் தமிழில் இடுவது அரிதாக இருந்தது.

1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடிப்படையாகக் கொண்டது. இதில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்குத் தனிக் குறியெண்கள் தரப்பட்டன. அதே வேளையில் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து இட்டாலும் அது ஒகரக் குறிக்குச் சமமே என்றும் ஒருங்குறி வரையறுத்தது. இவ்வாறு ஒரே எழுத்துக்கு முறையான இரு வடிவங்கள் ஏற்பட்டன. இவற்றை ஒன்றாக்கும் செயல் இயல்பாக்கம் எனப்படும்.

1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ‘ஜீயபுரம்’ திரையில் ஐந்து எழுத்து; சேமிப்பில் 8 குறியெண், 24 பைட்டு. இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியுடன் எழுதும்போது அது 72 எழுத்தாக நீளும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்டே உச்சவரம்பு என்பதால், தமிழ்ப் பெயர் 85 குறியெண்ணுக்குள் அடங்க வேண்டும்.

இயங்குதளங்களின் வேறுபாடு

லினக்ஸ் கோப்புப் பெயரை வெறும் பைட்டு வரிசையாகவே பார்க்கிறது. ஒரு பைட்டு மாறினாலும் அது வேறு கோப்பு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பும் இயல்பாக்கம் செய்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்போ எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. 2012இல் கிட் மென்பொருள் மேக் கணினிகளுக்காகப் பெயர்களைச் சேர்த்த வடிவுக்கு மாற்றும் அமைப்பைச் சேர்த்தது.

மேக் கணினியில் ஒழுங்காக இயங்கிய நிரல் லினக்ஸ் வழங்கிக்குச் சென்றதும் முறிவதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம். நிரலுக்குள் பெயர் சேர்த்த வடிவிலும் வட்டில் பிரித்த வடிவிலும் இருந்தால், மேக் கோப்பைக் கண்டுபிடித்துவிடும், லினக்ஸ் கண்டுபிடிக்காது.

நிரல்மொழிகளின் போக்கு

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0, மாறிகளுக்கும் நிரல்கூறுகளுக்கும் தமிழில் பெயரிட இடம் தந்தது. இம்போர்ட் கட்டளையில் எழுதும் பெயரைப் பைத்தான் தானே சேர்த்த வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. வட்டிலுள்ள கோப்பின் பெயரை மாற்றுவதில்லை. ஆகவே பிரித்த வடிவில் சேமிக்கப்பட்ட ‘முக்கொம்பு’ என்ற நிரல்கூற்றை, நிரலில் எவ்வாறு தட்டச்சு செய்தாலும் லினக்ஸில் இம்போர்ட் கட்டளையால் ஏற்ற முடியாது. கோப்பின் பெயரை மாற்றுவதே வழி.

2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ், ரிக்வயர் கட்டளைக்குத் தரப்படும் பாதையை இயல்பாக்கம் செய்வதில்லை. இங்கு இன்னொரு குழப்பமும் உண்டு. ரிக்வயரில் புள்ளியில் தொடங்கும் பாதை, அக்கட்டளை உள்ள கோப்பின் இடத்திலிருந்து கணக்கிடப்படும். கோப்பைத் திறந்து படிக்கும் கட்டளையில் அதே பாதை, நிரல் எந்தக் கோப்புறையில் நின்று தொடங்கப்பட்டதோ அங்கிருந்து கணக்கிடப்படும்.

மூன்று ஊர்ப் பெயர்கள்

காவிரியின் தென்கரையில் கரூர் சாலையில் உள்ள ஜீயபுரத்தின் பெயரில் பிரிபடும் குறி எதுவும் இல்லை. இப்பெயருடைய கோப்புறைக்கு வடிவச் சிக்கல் எழுவதில்லை.

அருகில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பின் பெயரில் ஒகரக் குறி உள்ளது. சேர்த்த வடிவில் 10 குறியெண், 30 பைட்டு. பிரித்த வடிவில் 11 குறியெண், 33 பைட்டு. இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். கொள்ளிடம், பொன்மலை, மலைக்கோட்டை ஆகிய பெயர்களும் இவ்வகையே.

ஸ்ரீரங்கம் கடினமானது. முதலில் ஸகரத்தைக் கொண்டே ‘ஸ்ரீ’ எழுதப்பட்டது. 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் தனி எழுத்தாகச் சேர்ந்தபின், அதைக் கொண்டு எழுதும் ‘ஶ்ரீ’ பரிந்துரைக்கப்பட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். ஆனால் ஒருங்குறியின்படி இவை சமமானவை அல்ல. எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. இரண்டுமே 10 குறியெண், 30 பைட்டு என்பதால் நீளத்தை அளந்தும் வேறுபாட்டைக் காண இயலாது.

பிழையறியும் முறை

1. நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்பதை முதலில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.
2. கோப்புறையில் உள்ள பெயர்களை நிரலைக் கொண்டே பட்டியலிட்டு, தேடும் பெயரின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும்.
3. நீளம் ஒத்திருந்தும் கோப்பு கிடைக்காவிட்டால் குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஸகர, ஶகர வேறுபாடு அப்போதுதான் தெரியவரும்.
4. பயனர் பதிவேற்றும் பெயர்களைச் சேமிக்கும் முன்பே சேர்த்த வடிவுக்கு மாற்ற வேண்டும். இதற்கான செயற்கூறு பைத்தானில் 2003 முதலும், ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுத் தரம் முதலும் உள்ளது.

மாற்று வழிகள்

இச்சிக்கலைத் தவிர்க்கப் பலர் உரோமன் எழுத்துக்கு மாறுகின்றனர். ஆயினும் ஜீயபுரத்தை உரோமனில் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பொதுவாகக் கணக்கில் கொள்ளும், விண்டோஸ் கொள்ளாது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியைக் கையாண்டது. நூலின் பெயரைக் கோப்புக்கு இடாமல் வரிசை எண்ணை இட்டது. திருக்குறள் அதில் முதல் எண். இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டமும் எண்களையே பாதையாகக் கொண்டது. தமிழ் விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி மென்பொருள், தலைப்புகளைத் தமிழிலேயே வைத்து, ஒவ்வொன்றையும் சேர்த்த வடிவுக்கு மாற்றிச் சேமிக்கிறது. முதல் வழியில் பெயர் கோப்புக்குள்ளும் அட்டவணையிலும் இருக்கும். இரண்டாவதில் பெயர் முகவரியிலேயே தெரியும்; ஆனால் ஸ்ரீரங்கம் போன்ற பெயர்களுக்கு வழிமாற்றுப் பக்கம் தனியே தேவைப்படும்.