ஓடிப்போய் ஆடிய டீம்

ஒடுகத்தூரில் ஒரு கல்லூரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து டீமுக்கு நீங்கள்தான் கோச். பயல்கள் மாநில சாம்பியன். அடுத்தது அகில இந்தியப் போட்டி. டிக்கெட் எல்லாம் ரெடி. பெட்டி கட்டியாகிவிட்டது. கிளம்பப் போகிற சமயத்தில் கோர்ட்டிலிருந்து ஒரு தடை உத்தரவு. இந்த டீம் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது! உத்தரவைக் கொடுக்க போலீஸ் ஜீப் வந்துகொண்டிருக்கிறது. கையில் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. வாங்காத வரைக்கும்?

என்ன செய்வீர்கள்? வேலூரைத் தாண்டி, காட்பாடி வழியாகச் சித்தூருக்குள் நுழைந்துவிட்டால் ஆந்திரா. அப்புறம் உத்தரவாவது ஒன்றாவது!

1963 மார்ச் மாதம், அமெரிக்காவில் ஒரு கோச் நிஜமாகவே இதைத்தான் செய்தார். அவர் பெயர் பேப் மெக்கார்த்தி. அவருடைய டீம், மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். பசங்க ஒன்றும் தப்பு செய்துவிடவில்லை. அடுத்த மேட்சில் எதிரே ஆடப்போகிற டீமில் கறுப்பர்கள் இருந்தார்கள். அவ்வளவுதான் விவகாரம்.

மிசிசிப்பி என்பது அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம். பருத்தி, அடிமைகள், அடிமை முறை ஒழிந்த பிறகும் ஒழியாத நிறவெறி. வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பர்கள் இருக்கும் டீமோடு விளையாடக் கூடாது என்று அங்கே ஒரு விதி. எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. எழுதப்படாத விதி. நம்மூர் டீக்கடைகளில் இரட்டை டம்ளர் வைத்தார்களே, அது எந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது? ஆனால் யாருக்கு எந்த டம்ளர் என்று ஊருக்கே தெரிந்திருந்தது அல்லவா? எழுதிவைத்த சட்டத்தையாவது திருத்தலாம். எழுதாத சட்டத்தை எங்கே போய்த் திருத்துவது?

இந்த விதிக்கு மெக்கார்த்தியின் டீம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 1959-ல் 25 மேட்ச் ஆடி 24-ல் ஜெயித்தார்கள். தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்.இ.சி. லீக்கில் முதலிடம். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கே கறுப்பர்கள் ஆடுவார்களே! 1961-ல் மறுபடியும் முதலிடம். போகவில்லை. 1962-ல் கென்டக்கியோடு சேர்ந்து முதலிடம். ம்ஹூம். மூன்று தடவையும் அந்த இடத்தில் கென்டக்கிக்காரர்கள் போய் ஆடினார்கள். வருடம் பூராவும் வியர்வை சிந்திவிட்டு, பரிசு கொடுக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போ என்றால் எப்படி இருக்கும்?

1963-ல் நான்காவது முறையாக முதலிடம். கேப்டன் ஜோ டான் கோல்டுக்கும் அவரோடு வந்த செட்டுக்கும் அதுதான் கடைசி வருடம். ஏற்கெனவே இரண்டு வருட வாய்ப்பைப் பறிகொடுத்தவர்கள். இப்போது விட்டால் இனி கிடையாது.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் யார்? லயோலா.

லயோலா என்றதும் உங்கள் மனசு நுங்கம்பாக்கம் போயிருக்கும். இது வேறு. ஆனால் ஒரே குடும்பம்தான். புனித இக்னேஷியஸ் லயோலாவின் பெயரில் இயேசு சபைப் பாதிரியார்கள் உலகம் முழுக்கக் கட்டிய கல்வி நிலையங்களில் சென்னை லயோலாவும் ஒன்று, சிகாகோ லயோலாவும் ஒன்று. சிகாகோ லயோலாவின் கோச் ஜார்ஜ் அயர்லாண்ட், அந்த சீசனில் மற்ற கோச்சுகள் செய்யத் தயங்கிய காரியத்தைச் செய்தார். களத்தில் இறங்கும் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பர்கள். ஜெர்ரி ஹார்க்னெஸ், லெஸ் ஹன்டர், விக் ரவுஸ், ரான் மில்லர். ஐந்தாவது ஆள், ஜான் ஈகன், சிகாகோவின் வெள்ளைக்காரப் பையன்.

வடக்கே இதற்கெல்லாம் தடை இல்லையே என்பீர்கள். அங்கேயும் எழுதாத கணக்கு ஒன்று இருந்தது. சொந்த ஊரில் ஆடினால் இரண்டு கறுப்பர்கள், வெளியூரில் மூன்று, தோற்கிற நிலைமை வந்தால் நான்கு. கோச்சுகள் தங்களுக்குள் ஜோக்காகச் சொல்லிக்கொள்வார்களாம். நல்ல ஜோக்! அயர்லாண்ட் அந்தக் கணக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டார். 1962 டிசம்பரில் வயோமிங் டீமுக்கு எதிரான மேட்சில் ஒரு கட்டத்தில் ஐந்து பேரையுமே கறுப்பர்களாக இறக்கினார்.

தெற்கே போகும்போதெல்லாம் பையன்களுக்கு நரகம்தான். நியூ ஆர்லியன்ஸ் போனபோது கறுப்பு ஆட்டக்காரர்களுக்குத் தனி டாக்சி, தனித் தங்குமிடம். ஹூஸ்டனில் ரசிகர்கள் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியதோடு, கையில் கிடைத்ததையும் தூக்கி எறிந்தார்கள். கேப்டன் ஹார்க்னெஸுக்கு ஹாஸ்டல் முகவரிக்கே மிரட்டல் கடிதங்கள் வந்தன.

இந்த ஹார்க்னெஸ் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்காரர். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் பந்து போட்டுக்கொண்டிருந்த பையன். ஒருநாள் அங்கு வந்த ஒருவர், ‘நீ நன்றாக ஆடுகிறாய், உனக்குக் கல்லூரியில் உதவித்தொகையே கிடைக்கும்’ என்கிற அர்த்தத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் ஜாக்கி ராபின்சன். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் நிறத்தடையை 1947-ல் உடைத்த அதே ராபின்சன். கூடைப்பந்தே ஒய்.எம்.சி.ஏ. பெற்ற பிள்ளைதான். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், நெய்ஸ்மித் என்ற வாத்தியார் பீச் பழக்கூடைகளைப் பால்கனியில் மாட்டி ஆரம்பித்த ஆட்டம். அதே பள்ளியில் படித்த ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் ஆரம்பித்ததுதான் நம்முடைய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. சரி, விஷயத்துக்கு வருவோம்.

மிசிசிப்பி ஸ்டேட்டின் தலைவர் டீன் கொல்வார்ட். அடிப்படையில் விவசாயத் துறை ஆசாமி. புரட்சிக்காரர் எல்லாம் இல்லை. 1963 மார்ச் 2 அன்று அமைதியாக ஓர் அறிவிப்பு விட்டார். அதிகாரம் உள்ள யாராவது தடுத்தாலொழிய, நம் டீம் இந்த முறை போகும்.

அது எப்பேர்ப்பட்ட நேரம் தெரியுமா? ஐந்தே மாதங்களுக்கு முன்னால், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பு மாணவர் சேர்ந்ததற்குப் பெரிய கலவரமே நடந்தது. ராணுவம் வந்தது. இரண்டு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். சேர்க்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற அதே ராஸ் பார்னெட்தான் அப்போதும் கவர்னர். அந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, போகட்டும் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

மாணவர்கள் கைதட்டினார்கள். அரசியல்வாதிகள் கொதித்தார்கள். ஜாக்சன் நகரப் பத்திரிகை ஒன்று லயோலா டீமின் படத்தைப் போட்டு, இதை வெட்டிக் கல்வி வாரியத்துக்கு அனுப்புங்கள் என்று வாசகர்களைத் தூண்டியது. நான்கு கறுப்பு முகங்களைப் பார்த்தாவது வாரியத்துக்குப் புத்தி வரட்டுமாம்! ஆனால் வாரியம் கூடி, 8-க்கு 3 என்ற ஓட்டில் கொல்வார்ட் பக்கமே நின்றது.

விடுவார்களா? மார்ச் 13. பில்லி மிட்ஸ் என்ற செனட்டரும் இன்னொருவரும் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை, மிட்ஸ் அதே கல்லூரியின் பழைய மாணவர். களத்தோரம் நின்று டீமுக்காகக் கோஷம் போட்டவர்.

செய்தி காதுக்கு வந்தது. ஷெரீப்பின் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மெக்கார்த்தி யோசிக்கவே இல்லை. அன்று ராத்திரியே காரில் எல்லை தாண்டி டென்னசியின் மெம்ஃபிஸுக்குப் போய், அங்கிருந்து நாஷ்வில் போய்விட்டார். கொல்வார்டும் ஒரு கூட்டத்தில் பேசவேண்டும் என்று பக்கத்து அலபாமாவுக்குப் போய்விட்டார். உத்தரவைக் கொடுக்க வந்தால் ஆள் இருந்தால்தானே!

பையன்கள்? மறுநாள் காலை, முக்கிய ஆட்டக்காரர்கள் ஹாஸ்டல் அறைக்குள் பதுங்கிக்கொண்டார்கள். சப்ஸ்டிட்யூட் ஆட்டக்காரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். போலீஸ் நின்றால் அவர்கள் மாட்டட்டும் என்ற கணக்கு. போலீஸ் இல்லை. உடனே மீதிப் பேரும் ஓடி வந்து ஏற, சின்ன விமானம் பறந்துவிட்டது. நாஷ்வில்லில் கோச் காத்திருந்தார். அங்கிருந்து மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங். அன்றைக்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தடையை நிறுத்திவைத்துவிட்டார் என்பது தனிக்கதை.

மார்ச் 15. வழக்கம்போல இரண்டு கேப்டன்களும் மைய வட்டத்துக்கு வந்தார்கள். மிசிசிப்பியின் கோல்ட், வெள்ளை. லயோலாவின் ஹார்க்னெஸ், கறுப்பு. கை குலுக்கினார்கள். அடுத்த நொடி அரங்கம் முழுக்க கேமரா ஃப்ளாஷ் வெளிச்சம். பளீர் பளீர் என்று எதற்கு இத்தனை படம் என்று தான் திகைத்துப்போனதையும், இது வெறும் மேட்ச் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது என்பதையும் ஹார்க்னெஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆட்டம்? முதல் 7 பாயின்ட்டை மிசிசிப்பிதான் எடுத்தது. பிறகு லயோலா மெல்ல மெல்லப் பிடித்து, 61-51 என்று ஜெயித்தது. அடிதடி இல்லை, வசவு இல்லை. சுத்தமான ஆட்டம். மிசிசிப்பிப் பையன்கள் அடுத்த நாள் பௌலிங் கிரீன் டீமை ஜெயித்து ஊருக்குத் திரும்பினார்கள். கல்லெறி விழவில்லை. ரசிகர்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். செனட்டருக்குத்தான் ஏமாற்றம்.

லயோலா இறுதிப் போட்டி வரை போனது. எதிரே, 1961, 1962 இரண்டு வருடமும் சாம்பியனான சின்சினாட்டி. இரண்டாம் பாதியில் லயோலா 15 பாயின்ட் பின்தங்கியது. ஆரம்பித்த ஐந்து பேர்தான் கடைசி வரை, மாற்று ஆளே இறங்கவில்லை. நான்கு நொடி மிச்சம் இருக்கும்போது ஹார்க்னெஸ் பந்தைப் போட்டு 54-54 என்று சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் விக் ரவுஸ், கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைத் தட்டி உள்ளே தள்ளினார். 60-58. சாம்பியன்!

இதனால் மிசிசிப்பி மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். மூன்றே மாதத்தில், ஜூன் 12 அன்று, கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை ஜாக்சனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டில் முதல் கறுப்பு மாணவர் சேர 1965 ஆகிவிட்டது. ஆனால் கறுப்பர்களோடு ஆட மாட்டோம் என்று வருடா வருடம் வீட்டில் உட்கார்ந்தார்களே, அந்த வழக்கத்தின் முதுகெலும்பு ஈஸ்ட் லான்சிங்கில் முறிந்தது.

2011-ல் ஜோ டான் கோல்ட் இறந்துபோனார். ஹார்க்னெஸ் அஞ்சலி செலுத்தப் போனார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். மைய வட்டத்தில் நின்று இரண்டு இளைஞர்கள் கை குலுக்கிக்கொள்ளும் அந்த போட்டோ.