ஊவாவில் துவக்கு: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கை வரலாற்றைப் போர்களின் வரலாறாகவும் ஒப்பந்தங்களின் வரலாறாகவும் எழுதிய அறிஞர்கள், அப்போர்களில் கையாளப்பட்ட கருவிகளைப் பற்றிப் பெரிதும் பேசினாரல்லர். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது மட்டுமே ஏட்டில் நிற்கின்றது. வென்றவன் கையில் இருந்தது என்ன கருவி, அதற்கான மருந்து எங்கிருந்து வந்தது, அதனை வைத்திருக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவாப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, சுடுகருவிகளின் வளர்ச்சி அங்கு வாழ்ந்த மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்துத் தமிழர் துவக்கு என வழங்குவர். சிங்களத்திலும் அது துவக்குவே. இரு வடிவங்களும் துருக்கி, பாரசீக மொழிகளில் வழங்கிய துபக் என்னும் சொல்லின் வழிவந்தவை. கருவி இத்தீவுக்குப் போர்த்துக்கேயரோடு பரவிற்றாயினும், பெயர் மேற்காசிய வணிகர் வழியே வந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

1. திரிக்கயிறும் மழையும்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொணர்ந்த துவக்கு திரித்துவக்கு ஆகும். குழாயின் வாய் வழியே மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டுக் கோலால் கெட்டித்து, பக்கத்திலுள்ள கிண்ணியில் சிறிது பொடிமருந்தை வைத்து, புகைந்துகொண்டிருக்கும் திரிக்கயிற்றின் நுனியை விசையால் அதன்மேல் இறக்கிச் சுடுவர். வீரன் ஒருவன் போர்க்களம் முழுவதும் எரியும் திரியைக் காத்துத் திரிய வேண்டும். இதுவே அக்கருவியின் பெருங்குறை.

இக்குறை எத்துணைப் பெரியது என்பதற்கு ஊவா மண்ணே சான்று. 1630ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா பெரும்படையுடன் பதுளையை அடைந்து நகரை அழித்துத் திரும்பும் வழியில், வெல்லவாய்க்கு அணித்தான ரந்தெனிவெலவில் கண்டி மன்னன் செனரத்தின் படைகளால் சூழப்பட்டான். அவனுடன் வந்த லஸ்கரின் படைத்தலைவர்கள் பலர் மன்னன் பக்கம் சேர்ந்தனர். பெருமழை பொழிந்தது, திரி அணைந்தது, மருந்து நனைந்தது. ஓகஸ்ட் 25ஆம் நாள் தளபதியும் அவன் படையும் அழிந்தனர். ஈட்டிக்கும் வாளுக்கும் மழை ஒரு பொருட்டன்று. சிறந்த கருவி எது என்பதைக் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலமும் காலநிலையும் உடன்வந்தோரின் மனமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

2. கண்டிக் கம்மியரும் வெடிமருந்தும்

அந்நியர் கொணர்ந்த கருவியை இத்தீவின் கொல்லர் விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். வருகையின்போது சுடுகருவியை அறியாதிருந்த சிங்களக் கம்மியர் பின்னர் கீழ்த்திசை முழுவதிலும் மிகச் சிறந்த துவக்குகளைச் செய்வோராயினர் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ த கோத்தோ குறிப்பிடுகின்றார். கண்டித் துவக்கின் பிடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். விசைப்பொறி பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். மரத்தில் தந்தமும் வெள்ளியும் பதிக்கப்பட்டிருக்கும். கால்களின்மேல் நிறுத்திச் சுடப்பட்ட கொடித்துவக்கு என்னும் சிறுபீரங்கியை ஆட்கள் மலைப்பாதைகளில் சுமந்து செல்ல முடிந்தது. சக்கரப் பீரங்கி ஏற முடியாத ஊவாச் சரிவுகளுக்கு இது பொருத்தமான கருவியாயிற்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற அணிகலப் பீரங்கியும் இரு பெருந்துவக்குகளும் 2023 டிசெம்பரில் நெதர்லாந்திலிருந்து மீள ஒப்படைக்கப்பட்டமை, இக்கம்மியரின் கைத்திறன் உலகறிந்த செல்வம் என்பதை மீண்டும் நினைவூட்டிற்று.

எனினும் துவக்கு வெறும் இரும்பன்று. மருந்தின்றி அது கோலினும் சிறந்ததன்று. கருமருந்து என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவையாகும். கரிக்கு மலைநாட்டில் பஞ்சமில்லை. வெடியுப்பைக் குகைகள் தந்தன. வௌவால் எச்சம் படிந்த குகைமண்ணை மரச்சாம்பலுடன் கலந்து நீரூற்றி வடித்துக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் முறையை, படை மருத்துவராக இங்கு பணிபுரிந்த யோன் டேவி 1821இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கியுள்ளார். ஆனால் கந்தகம் இத்தீவில் விளைவதன்று. கரையோரத் துறைமுகங்கள் வழியாகவே அது வர வேண்டும். கரையை முதலில் போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும், அதன்பின் ஆங்கிலேயரும் கைக்கொண்டிருந்தனர். ஆகவே, மலைநாட்டரசு தன் துவக்குகளைத் தானே செய்துகொண்டபோதும், மருந்தின் பத்தில் ஒரு பங்குக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலேயே இருந்தது. கண்டியின் வலிமைக்கு எல்லை வகுத்த காரணிகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தும்.

3. 1817-1818: அம்பும் தீக்கல்லும்

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. ஆங்கிலப் படைவீரன் அப்போது ஏந்தியது தீக்கல் துவக்கு. எரியும் திரிக்குப் பதிலாகத் தீக்கல் எஃகில் உரசித் தரும் பொறியால் மருந்து பற்றும்; முக்கால் அங்குலத் துளை; பயின்ற வீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். இத்தகைய கருவிகளுடன் ஓர் அரசு நின்ற காலத்தில், பதுளையில் உதவி வதிவிடப் பிரதிநிதியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817இல் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியின் முதற் பெருநிகழ்ச்சி வில்லால் நிகழ்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, கிளர்ச்சியாளரோடு சேர்ந்தபோது அரசு தமக்களித்த துவக்குகளையும் மருந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று மரபு கூறும். பகைவனின் கருவியைக்கொண்டே பகைவனை எதிர்த்தல் தகாது என்னும் அறத்தை இதிற் காண்போர் உளர். போரின் கணக்கை மட்டும் நோக்குவோர் இதனைப் பெரும் இழப்பென்பர். இரண்டும் உண்மையே. ஊர்களும் பயிர்களும் அழிக்கப்பட்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். இதன் பின்னர் ஊவாவில் துவக்கு ஆள்வோன் கருவியாயிற்று. ஆளப்படுவோன் அதனை வைத்திருப்பது ஐயத்துக்குரிய செயலாயிற்று.

4. வேட்டைக் காலம்

ஆட்சி நிலைபெற்றபின் துவக்கின் வாய் மனிதரை விட்டு விலங்குகளை நோக்கித் திரும்பிற்று. இக்காலத்திலேயே சுடும் பொறியில் பெருமாற்றம் நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்து மதகுரு அலெக்சாந்தர் போர்சைத் 1807இல் உரிமம் பெற்ற முறை, அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்திற்று. அதிலிருந்து செப்புத் தொப்பி பிறந்தது. தொப்பியை முலைக்காம்பு போன்ற குழலில் பொருத்திச் சுத்தியல் அடித்தால் போதும். மழையின் ஆட்சி பெரும்பாலும் முடிவுற்றது.

பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். அவரே 1845 யூன் 7இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயம் இன்றும் பதுளையில் உள்ளது. நுவரெலியாவில் குடியேறி ஊவாத் தாழ்நிலத்தில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக்கொண்டு 1840இல் செய்வித்த வரித்துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. அது மூன்று அவுன்சு நிறையுள்ள குண்டை எறிந்தது. ஒரு வெடிக்கு ஓர் அவுன்சு மருந்து வேண்டப்பட்டது. குழாயின் உட்புறத்தே திருகுவரி வெட்டிக் குண்டைச் சுழலச் செய்வதே வரித்துவக்கின் நுட்பம். சுழலும் குண்டு நேரே செல்லும். படைத்துவக்கில் இந்நுட்பம் பொதுவாகப் பரவுமுன்னரே வேட்டைத்துவக்கில் அது செம்மையுற்றது. வேட்டையும் போரும் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிய வரலாறு இது.

வாய்வழி மருந்திடும் துவக்கை மீள நிரப்பக் காலம் செல்லும். ஆதலின் வேட்டையாடுவோர் நிரப்பிய துவக்குகள் பலவற்றை ஏவலர் தோளில் ஏற்றிச் செல்வர். துவக்கைச் சுமந்தவன் ஒருவன், சுட்டவன் வேறொருவன், புகழ் பெற்றவனும் சுட்டவனே. யானை பயிரழிக்கும் விலங்கெனக் கருதப்பட்டு, அதனைக் கொல்வோருக்கு அரசே பரிசளித்த காலம் அது. காடழிந்து கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவ, யானைகள் மலைச்சரிவுகளிலிருந்து முற்றாக மறைந்தன.

5. தியத்தலாவையில் ஒரு பாடம்

1853இன் என்பீல்ட், 1866இன் சினைடர், 1871இன் மாட்டினி ஹென்றி எனப் படைத்துவக்கு விரைந்து மாறிற்று. வாய்வழி இடுதல் ஒழிந்து பின்வழி இடுதல் வந்தது. மருந்து, குண்டு, தொப்பி மூன்றும் ஒரே பித்தளை உறைக்குள் அடங்கின. தோட்டா என நாம் இன்று வழங்குவது இதுவே. 1884இல் பிரான்சில் வியெய் கண்டறிந்த புகையிலா மருந்து இறுதிப் புரட்சியாயிற்று. குழாய் சிறுத்தது, குண்டு விரைந்தது, சுட்டவன் இருக்குமிடத்தைக் காட்டும் புகையும் மறைந்தது.

இப்புரட்சியின் விளைவை ஊவா மக்கள் நேரிற் கண்டனர். தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர்கள் 1900 முதல் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய 5,000 பேர் அங்கு தங்கினர். இவ்வுழவர்கள் ஏந்தியிருந்த ஜேர்மன் மவுசர், ஐந்து தோட்டாக்களைத் தகட்டுச் சட்டமொன்றில் கோத்து ஒரே அழுத்தில் நிரப்ப வல்லது. ஆங்கில வீரனோ ஒவ்வொன்றாக இட வேண்டியிருந்தது. இப்பாடத்தைக் கற்றே பிரித்தானியர் 0.303 அங்குலத் துளையுடைய குறுகிய லீ என்பீல்ட்டை அடுத்த சில ஆண்டுகளில் உருவாக்கினர். அக்கைதிகளுள் ஒருவரான எங்கெல்பிரெக்ட், மன்னனுக்கு விசுவாசம் கூற மறுத்து இங்கேயே தங்கி, யால வனவிலங்குப் புகலிடத்தின் முதற் காவலராகப் பணிபுரிந்தார். துவக்கேந்திப் போரிட்டவர் விலங்குகளைத் துவக்கிலிருந்து காப்பவரானமை குறிப்பிடத்தக்கது.

6. தோட்டமும் துவக்கும்

தேயிலைத் தோட்டங்களில் துவக்கு அதிகாரத்தின் அடையாளமாக விளங்கிற்று. 1900இல் அமைக்கப்பட்ட தோட்டத்துரைமாரின் இலங்கை வரித்துவக்குப் படை ஐரோப்பியரை மட்டுமே கொண்டது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிக் கட்டளைச் சட்டம், உரிமம் வழங்குவதை அரச அதிகாரியின் கையில் வைத்தது. தமிழகத்திலிருந்து வந்து லயத்தில் வாழ்ந்த தொழிலாளி, பன்றி அழிக்கும் தன் சிறுதோட்டத்தைக் கூச்சலாலும் தீப்பந்தத்தாலுமே காத்தான்.

1940 சனவரியில், மத்திய மாகாணத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரரான கோவிந்தன் பொலிசாரின் வெடிபட்டு இறந்தார். அவ்வாண்டிலேயே வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவிற்று. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு மன்றத்தைத் தெரிந்தெடுத்தனர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் கருவிகளை அவர்கள் பறித்தனர் என லங்கா சமசமாசக் கட்சியின் வரலாறு கூறுகின்றது. அடக்குமுறையும் ஊவாவைத் துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்தே அவ்வலையைத் தணித்தன. வெறுங்கையுடன் நின்றோர் திரளாகச் சேரும்போது துவக்கின் வலிமையும் ஐயத்துக்குள்ளாகும் என்பதே இதன் பொருள். 1630இல் மழை செய்ததை 1940இல் ஒற்றுமை செய்தது. பின்னர் அவ்வொற்றுமைக்கு எதிராக வெள்ளம் நின்றது.

7. மாறாத பழமை

1971 ஏப்ரல் 5ஆம் நாள் அதிகாலையில், இளைஞர் கிளர்ச்சியின் முதல் தாக்குதல் வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தின்மீது நிகழ்ந்தது. வேட்டைத்துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே கிளர்ச்சியாளரிடம் பெரும்பாலும் இருந்தன. ரந்தெனிவெலக் களத்துக்கு அணித்தான அதே நிலத்தில், மேம்பட்ட கருவியுடைய அரசுக்கு எதிராகக் கிடைத்த கருவியுடன் எழுந்த இன்னொரு தலைமுறையை வரலாறு கண்டது.

கருவிகளின் வளர்ச்சியைப் படிக்கட்டாகக் காண்பது நம் வழக்கம்: திரி, தீக்கல், தொப்பி, தோட்டா என. ஆனால் ஊவா அவ்வாறு காட்டவில்லை. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும் காட்டிறைச்சிக்காகவும் மொனராகலை, பதுளை மாவட்டங்களில் களவாக வைக்கப்படும் கட்டுத்துவக்கு, வாய்வழி மருந்திட்டு ஒரு கம்பியால் இயங்கும் பழைய கருவியே. உலகப் படைகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட அமைப்பு, இன்றும் இங்கு கம்பியை மிதிக்கும் உழவனின் காலையும் விறகு தேடிச் செல்வோரின் முழங்காலையும் சிதைக்கின்றது. குறி பார்க்கும் கண்ணே இல்லாத துவக்கு அது. யானைக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை அறியாதது.

துவக்கின் வரலாறு, ஆகவே, இரும்பின் வரலாறு மட்டுமன்று. வைத்திருக்க உரிமை பெற்றவன், சுமந்தவன், அதன்முன் நின்றவன் ஆகிய மூவரின் வரலாறாகவும் அதனை எழுதுதல் வேண்டும். முதலாமவனைப் பற்றிய நூல்கள் பல உள்ளன. ஏனைய இருவரைப் பற்றிய சான்றுகள் தோட்டப் பதிவேடுகளிலும், வழக்கு ஏடுகளிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அவை அழியுமுன் தொகுப்பது, மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள நம் மாணவர் தலைமுறையின் கடனாகும்.