தண்டால்: நீண்டகாலப் பயிற்சியும் உடல் மாற்றங்களும்

தண்டால் என்பது உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை உடலை நேராக வைத்து, முழங்கைகளை மடக்கி நீட்டிச் செய்யும் உடற்பயிற்சி. கருவி எதுவும் தேவையில்லாததால் மல்யுத்தக் களம், படை முகாம், பள்ளி மைதானம் என எங்கும் நிலைபெற்றுள்ளது. நாள்தோறும் செய்பவரின் நரம்பு, தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மூன்றும் மாறுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் மாறுகிறது.

சுமையும் தசைகளும்

சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 40 கிலோ. முழங்கால் ஊன்றிச் செய்தால் பாதியளவாகக் குறையும்; கால்களை உயரத்தில் வைத்தால் கூடும். மார்புத் தசை, முன்தோள் தசை, மேற்கையின் பின்புற முத்தலைத் தசை ஆகியவை முதன்மையாக உழைக்கின்றன. தோள்பட்டை எலும்பை விலாவோடு பிணைக்கும் ரம்பத் தசையும், இடுப்பு தொய்யாமல் காக்கும் வயிற்றுத் தசைகளும் துணை நிற்கின்றன.

மாற்றங்களின் வரிசை

முதல் சில வாரங்களில் தசை பெரிதாகப் பருப்பதில்லை. ஆயினும் எடுக்க முடிகிற தண்டால்களின் எண்ணிக்கை கூடுகிறது. மூளையும் நரம்புகளும் அதிகத் தசை இழைகளை ஒரே நேரத்தில் இயக்கப் பழகுவதே காரணம். இரண்டு, மூன்று மாதங்களில் மார்பும் மேற்கையும் கண்ணுக்குத் தெரியும்படி திரளத் தொடங்கும். போதிய புரதமும் உறக்கமும் இன்றி இது நிகழாது. தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே உறுதிபெறுகின்றன. எண்ணிக்கையை அவசரமாக உயர்த்துவோருக்கு மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேக்கம்

ஒரே எண்ணிக்கையை ஒரே முறையில் ஆண்டுக்கணக்கில் செய்தால், பெற்ற வலிமை நிலைக்கும், புதிதாக வளராது. உடல் அச்சுமைக்குப் பழகிவிடுகிறது. கால்களை உயர்த்துதல், மெதுவாக இறங்குதல், முதுகில் எடை ஏற்றுதல் ஆகியவற்றால் வளர்ச்சி தொடரும். களைப்பின் எல்லையை நெருங்கும் வரை செய்தால், பளு தூக்கிப் பெறுவதற்கு ஒப்பான மார்புத் தசை வளர்ச்சி தண்டாலிலும் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதய நலம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டுகள் கண்காணித்த ஆய்வு 2019இல் வெளியானது. தொடக்கத்தில் 40க்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, 10க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் நிகழ்வுகள் மிகக் குறைவாக இருந்தன. தண்டாலே இதயத்தைக் காத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒட்டுமொத்த உடல் தகுதியை அந்த எண்ணிக்கை வெளிப்படுத்தியது என்பதே சரியான முடிவு.

வரம்புகள்

தண்டால் தள்ளும் தசைகளையே வளர்க்கிறது. முதுகுக்கும் கால்களுக்கும் அதில் போதிய வேலையில்லை. எனவே கம்பியில் தொங்கி உடலை மேலேற்றும் பயிற்சியும், முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழும் பஸ்கியும் உடன் சேர வேண்டும். மரபான உடற்பயிற்சிச் சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் இணைபிரியாமல் இருப்பது இதற்குப் பொருந்துகிறது. பயிற்சியை நிறுத்தினால் வலிமை படிப்படியாகக் குறையும். ஆனால் முன்பு பயின்றவர் மீண்டும் தொடங்கும்போது, முதல்முறை எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த காலத்தில் அதைத் திரும்பப் பெறுகிறார்.