பங்கா இழுக்கும் இயந்திரமும் ஒரு புற்றுநோய் மாத்திரையும்

பேட்டண்ட் என்று வழக்கில் நாம் சொல்லும் காப்புரிமைக்கு இந்தியாவில் முதல் சட்டம் வந்தது 1856-ல். அதன்கீழ் முதன்முதலில் மனுப் போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். அவர் உரிமை கேட்டது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரைமார்களுக்கு வியர்க்காமல் இருக்க ஓர் ஏற்பாடு! நாளெல்லாம் பங்காக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கூலியாளுக்கு இந்தச் சட்டத்தால் என்ன லாபம்னு யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வர நூறு வருஷம் ஆயிற்று.

1911-ல் வெள்ளையர் அரசு போட்ட சட்டமே சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1948-ல் நீதிபதி பக்ஷி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1953-ல் வந்த மசோதா காலாவதியாயிற்று. 1957-ல் இந்த வேலை நம்மவர் ஒருவரின் கைக்கு வந்தது. அவர் அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார். பின்னாளில் உச்சநீதிமன்றத்துக்கும் போனவர்.

1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கையை இன்றைக்கும் உட்கார்ந்து படிக்கலாம். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில். அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே உற்பத்திக்கே வரவில்லை. உரிமை கொடுத்தால் தொழில் வளரும் என்பதுதானே வாதம்? இங்கே உரிமை மட்டும் வந்தது, ஆலை வரவில்லை. வேறொருவன் ஆலை வைக்காமல் தடுக்கத்தான் அந்த உரிமை பயன்பட்டது. அதற்காக அய்யங்கார் சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. நாட்டின் நிலைமைக்குத் தக்கபடி சட்டம் இருக்கட்டும், உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மீது உரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும் என்றார்.

இந்த வித்தியாசம் முக்கியம். மைசூர்பாகுக்கே ஒருவர் உரிமை வாங்கிவிட்டால் வேறு யாரும் மைசூர்பாகு கிளற முடியாது. அவர் கிளறும் பக்குவத்துக்கு மட்டும் உரிமை என்றால், வேறு பக்குவத்தில் நாமும் கிளறி விற்கலாம்.

1965-ல் வந்த மசோதாவும் காலாவதியாகி, 1967-ல் மறுபடி வந்து, 1970-ல் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 20-ல் அமலுக்கு வந்தது. மற்றவற்றுக்கு 14 வருஷம். மருந்து செய்முறைக்கு அதிகபட்சம் 7 வருஷம்.

அதோடு எல்லாம் மாறிவிட்டதுன்னு சொன்னால் அது பாதி உண்மைதான். பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அதன்பின் வந்த ஐ.டி.பி.எல். போன்ற அரசு ஆலைகளில் வேலை பழகிய ரசாயன நிபுணர்கள் இல்லாமல் சட்டம் மட்டும் என்ன செய்திருக்கும்? டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி ஐ.டி.பி.எல்.-லில் வேலை பார்த்தவர்தான். கையும் இருந்தது, கட்டும் அவிழ்ந்தது. 2001-ல் மும்பை சிப்லா கம்பெனி, எய்ட்ஸுக்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. பன்னாட்டுக் கம்பெனிகளின் விலை பத்தாயிரம் டாலருக்கும் மேல்! ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் பிழைத்தது இந்த வழியில் வந்த மாத்திரைகளால். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறர் கண்டதை வேறு வழியில் செய்யும் கெட்டிக்காரத்தனம் நமக்கு வந்த அளவு, புது மருந்து காணும் பழக்கம் வரவில்லை.

1995-ல் உலக வர்த்தக அமைப்பும் ட்ரிப்ஸ் ஒப்பந்தமும் வந்தன. நமக்குக் கிடைத்த அவகாசம் 2005 ஜனவரியோடு முடிந்து, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை திரும்பி வந்தது. ஆனால் நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவைத் திருத்தி ஒரு தடை போட்டது. தெரிந்த பொருளின் புது வடிவம், குணம் கூடினாலொழிய புதுக் கண்டுபிடிப்பு ஆகாது.

அதில் மாட்டியது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கு அவர்கள் 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார்கள். அவர்கள் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் விலை எட்டாயிரம், பத்தாயிரம். கம்பெனி பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் தர்மத்துக்குக் கிடைப்பதும் கடையில் கட்டுபடியாகும் விலைக்குக் கிடைப்பதும் ஒன்றா?

இந்த இடத்தில் பாசல் நகரத்தின் பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். நோவார்ட்டிஸின் முன்னோர்களான சீபாவும் கெய்கியும் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சாயம் காய்ச்சி வளர்ந்தவர்கள். இங்கிலாந்தும் பிரான்சும் காப்புரிமை கொடுத்திருந்த சாயங்களை அங்கே தடையில்லாமல் செய்ய முடிந்தது, ஏனென்றால் சுவிட்சர்லாந்தில் 1888 வரை காப்புரிமைச் சட்டமே கிடையாது. மருந்துப் பொருளுக்கு உரிமை 1970-களின் பிற்பகுதியில்தான் வந்தது. இத்தாலியில் 1978-ல். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ!

சென்னை அலுவலகம் 2006-ல் மனுவைத் தள்ளியது. 3(டி) அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ல் முடிவாகத் தள்ளியது. அந்தத் தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால், சட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் பக்கங்களில் நீதிபதிகள் விரிவாக எடுத்துக் காட்டியிருப்பது, ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன் ராஜகோபால அய்யங்கார் எழுதிக் கொடுத்த அந்த அறிக்கையை.